ஒரே பானையில் இரு நிறம்

ஒன்பதாம் வகுப்பில் ‘தொடக்ககாலத் தமிழ்ச் சமூகமும் பண்பாடும்’ பாடத்தை நடத்தும்போதெல்லாம், கருப்பு-சிவப்பு மட்கலங்களைப் பற்றி ஒரே விளக்கத்தையே சொல்லி வந்தேன்: “உள்ளே கருப்பும் வெளியே சிவப்பும் பூசியிருப்பார்கள்.” சென்ற ஆண்டு, பாடம் நடத்திய மறுநாள் ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், எங்க அப்பா பானை செய்றவரு. அது பூசுனது இல்ல, சூளையில வர்ற நிறம்னு சொன்னாரு.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து படித்த பிறகுதான் அவர் சொன்னது சரி என்று புரிந்தது.

நிறம் எப்படி வருகிறது?

களிமண்ணில் இரும்பு உண்டு. சுடும்போது காற்று தாராளமாகக் கிடைத்தால் அது ஆக்சிஜனுடன் சேர்ந்து ஹேமடைட் ஆகிச் சிவக்கிறது. காற்று எட்டாத இடத்தில் கரி படிந்து கருக்கிறது. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறமும் விளிம்பும் கருப்பாகவும், வெளிப்புறம் சிவப்பாகவும் அமையும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையும் சிவப்புக்கு ஹேமடைட்டையும் கருப்புக்குக் கரியையும் காரணமாகக் காட்டுகிறது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

ஓட்டை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மண்ணில் கலந்துள்ள மணல், கல் துகள்களின் வகை தெரியும். அதைக் கொண்டு மண் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று தேடலாம். எக்ஸ் கதிர் ஆய்வு கனிமங்களைக் காட்டும். முல்லைட் என்ற கனிமம் உருவாகியிருந்தால், சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

உடைந்த புதிய மண்பானை ஓடுகளைக் குழுவுக்கு ஐந்தாகக் கொடுத்தேன். மாணவர்கள் கைக்கண்ணாடியால் பார்த்துக் குறித்தவை:

1. உட்புறத்தில் இணைகோடுகள் உள்ளனவா? இருந்தால் சக்கரத்தில் வனைந்தது.
2. உடைந்த விளிம்பின் நடுவில் சாம்பல் நிறம் உள்ளதா? இருந்தால் உள்வரை காற்றோ நேரமோ போதவில்லை.
3. சுரண்டினால் நிறம் மாறுகிறதா? மேற்பூச்சா, மண்ணின் நிறமா என்பது தெரியும்.

பிறகு அந்த மாணவியின் தந்தையை வகுப்புக்கு அழைத்தோம். சூளை அடுக்கும் முறையை அவர் விளக்க, ஆக்சிஜனேற்றத்தை அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். அதுவரை அப்பாவின் தொழிலைப் பற்றி வகுப்பில் பேசாதவள், அன்று அவர் அருகில் நின்று ஒவ்வொரு ஓட்டையும் தூக்கிக் காட்டினாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊர் மேடுகளில் கிடைக்கும் பழைய ஓடுகளை இதற்கு எடுக்க வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இடம் மாறினால் ஓடு சொல்ல வேண்டிய செய்தியில் பாதி போய்விடும்.