காலுக்குள் இருக்கும் ராடை எடுப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: என் வயது 25. சிறுவயதில் தொடை எலும்பு முறிந்ததில் எலும்பு வளரும் நுனி கெட்டுப்போய், வலது கால் 5 சென்டிமீட்டர் குட்டையாக நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொடை எலும்புக்குள் காந்த ராடு வைத்துக் காலை நீட்டினார்கள். இப்போது நன்றாக நடக்கிறேன், வலி இல்லை. ராடை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். “நல்லா நடக்கிற காலை எதுக்குடி மறுபடியும் கிழிக்கணும்?” என்கிறார் அம்மா. வீட்டில் கல்யாணப் பேச்சும் நடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. வாக்கரும் ஊன்றுகோலுமாக மகள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். ஆனாலும் இதில் உங்கள் டாக்டர் பக்கம்தான் நான். எலும்பு முறிவுக்குப் போடும் ராடாக இருந்தால் அம்மா சொல்வதைக் கேளுங்கள் என்றே எழுதியிருப்பேன். உங்கள் தொடைக்குள் இருப்பது வேறு பொருள்.

முறிவுக்குப் போடும் ராடு பெரும்பாலும் ஒரே துண்டான டைட்டானியக் குழாய். அதில் அசையும் பாகம் கிடையாது. உங்களுடையது ஒரு சின்ன இயந்திரம். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குழாய்கள், உள்ளே ஒரு காந்தம், பல்சக்கரங்கள், ஒரு திருகுத் தண்டு. தினமும் தொடைமேல் ஒரு கருவியை வைத்தீர்களே, அதிலிருந்த காந்தங்கள் சுழலும்போது உள்ளே இருந்த காந்தமும் சேர்ந்து சுழன்றது. நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஏறக்குறைய ஐம்பது நாளில் 5 சென்டிமீட்டர் வந்தது அப்படித்தான். வெட்டிய எலும்பை மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு ஊறும் என்று சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950-களில் கண்டு சொன்னார். அவர் காலைச் சுற்றி வளையமும் கம்பியும் மாட்டிச் செய்ததை இந்த ராடு தோலுக்கு உள்ளேயே செய்துவிடுகிறது. மருத்துவத்தில் எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயங்களில் இது ஒன்று.

ஆனால் வேலை முடிந்த இயந்திரத்தை உடம்புக்குள் விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பாது. பிரிசைஸ் என்ற காந்த ராடுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2011-ல்தான். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இதை உள்ளே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர் யாரும் இன்னும் இல்லை. உங்களுக்கு வயது 25. ஸ்ட்ரைட் என்ற எஃகு ராடு இதே வகையைச் சேர்ந்தது. காலில் முழு எடையும் போட்டு நடக்கலாம் என்று எல்லோரும் ஆவலாக இருந்தோம். இரண்டு குழாய்களும் சேரும் இடத்தில் உலோகம் அரித்து, சுற்றியிருந்த எலும்பிலும் மாற்றம் தெரிந்ததால் 2021-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். உங்கள் ராடு அதற்குப் பிறகு வைத்தது, பதற வேண்டாம். அசையும் சந்து உள்ள உலோகத்தை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். நாளைக்கே முதுகுக்கோ தலைக்கோ அது தேவைப்பட்டால், உள்ளே இருக்கும் காந்தம் குறுக்கே நிற்கும். எடுக்கும்வரை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

எப்போது எடுப்பது என்பதை எக்ஸ்ரேதான் முடிவு செய்யும். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புது எலும்பின் நான்கு சுவர்கள் தெரியும். குறைந்தது மூன்று சுவர்களாவது கெட்டியாக, வெள்ளை வெளேரென்று, பழைய எலும்போடு ஒட்டித் தெரிய வேண்டும். நான்கும் அப்படி இருந்தால் எனக்கு நிம்மதி. வலி இல்லை, நன்றாக நடக்கிறேன் என்பது மட்டும் போதாது, ஏனென்றால் ராடே எடையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதே சமயம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. ராடு வைத்துப் பத்து ஆண்டு கழித்து ஒருவர் என்னிடம் வந்தார். ராடின் தலையை எலும்பு மூடி வளர்ந்திருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ராடு வைக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது, கம்பெனி பெயர் இல்லை. நான் எடுத்து வைத்திருந்த கருவி அதன் மரையில் பொருந்தவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரம் இழுத்தது. அவருக்குத் தேவையில்லாத ரத்த இழப்பு. பெயரை முன்பே விசாரிக்காதது என் தவறு, அந்த நாள் இன்னும் என் மனதை உறுத்துகிறது. உங்கள் ராடின் பெயரும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். ஆகவே அதன் நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் ஆபரேஷன் வைத்ததைவிட மிகச் சிறியது. எலும்பை வெட்டுவதோ நீட்டுவதோ கிடையாது. பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே ஸ்குரூக்களைக் கழற்றி ராடை உருவிவிடுவார்கள். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். தொற்று, ஸ்குரூ தலை தேய்ந்து சுழல்வது, ரத்தக்கட்டு போன்றவை குறைவாக நடந்தாலும் நடக்கக்கூடியவை. டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் அதிகம் கவலைப்படுவது அதற்குப் பின் வரும் சில வாரங்களைப் பற்றி. ராடு இருந்த இடம் வெற்றிடம், ஸ்குரூ இருந்த இடமெல்லாம் ஓட்டை. எலும்பு அதை நிரப்பும்வரை விழுந்தால் முறியலாம். நடக்கலாம், ஓட்டம், குதித்தல், ஸ்கூட்டர் எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான்.

கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது என்பேன். ஆபரேஷனின்போது இடுப்புப் பக்கம் எக்ஸ்ரே கருவி பலமுறை ஓடும். கர்ப்ப காலத்தில் அதைச் செய்ய முடியாது, கைக்குழந்தையோடு ஊன்றுகோல் பிடிப்பதும் கஷ்டம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவையும் கூட்டிப்போய் அந்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். மகளின் எலும்பு எவ்வளவு நன்றாகக் கூடியிருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

கேள்வி: எனக்கு 41 வயது. 2012-ல் லாரி விபத்துக்குப் பிறகு, முழங்காலுக்குக் கீழே உள்ளே ராடும் வெளியே வளையமும் வைத்து 4 சென்டிமீட்டர் நீட்டினார்கள். வளையத்தை எடுத்துவிட்டார்கள், ராடு அப்படியே இருக்கிறது. முட்டி போட்டால் முழங்கால் முன்புறம் வலிக்கிறது. ராடை எடுத்தால் சரியாகுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்களுடையது சாதாரண ராடாகத்தான் இருக்க வேண்டும். அது தொந்தரவு தராவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கலாம். வலிக்காக எடுப்பது என்றால், எடுத்தால் பலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு எடுக்க வேண்டும். ராடை உள்ளே விட்ட வழியிலேயே தழும்பு விழுந்து வலிப்பதும் உண்டு. அது ராடோடு போகாது. ராடின் நுனி எலும்புக்கு மேலே துருத்தியிருப்பது பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரிந்தாலோ, ஒரு ஸ்குரூ தலைமேல் விரலை வைத்தால் அதே வலி வந்தாலோ எடுப்பதில் அர்த்தம் உண்டு. சில சமயம் அந்த ஒரு ஸ்குரூவை மட்டும் எடுத்தாலே போதும்.

வளையத்தின் கம்பிகள் நுழைந்த பழைய தழும்பு எதிலாவது எப்போதாவது நீர் கசிந்திருக்கிறதா, இரவில் கால் சூடாகிக் குடைகிறதா என்று யோசித்துப் பாருங்கள். வெளிக் கம்பியும் உள்ராடும் சேர்ந்திருந்த கால்களில் கிருமி ராடுவரை இறங்கிப் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் இந்த வாரமே போய்விடுங்கள்.