வேலையை விடாமல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள

அப்பாவோ அம்மாவோ குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் முடிந்து வீடு வந்த வாரமே குடும்பத்தில் அந்தப் பேச்சு எழும்: “யாராவது ஒருத்தர் வேலையை விட்டுட்டுப் பார்த்துக்கணும்.” அந்த யாராவது பெரும்பாலும் மகள், இல்லையென்றால் மருமகள். சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர் பக்கம் அந்தக் காலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் இன்று எண்பதைத் தொடுகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் விடிந்ததும் சிறுசேரிக்கும் கிண்டிக்கும் மெப்ஸுக்கும் ஓடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ராஜினாமா கடிதத்தை அந்த வாரத்தில் எழுதாதீர்கள்.

அந்த வாரம் எல்லாமே மலைப்பாக இருக்கும். வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டால், கூடவே உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் மெல்லக் குறையும். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் விட்ட வேலை, அதே சம்பளத்தில் திரும்பக் கிடைப்பது அரிது. பலர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்த்திருந்தால், நீங்கள் விலகும்போது அவர்களுடைய காப்பீடும் கூடவே போய்விடும். அந்த வயதில் புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள சுகர், பிபிக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். இன்னும் சேர்க்காதவர்கள், அடுத்த புதுப்பிப்பு எப்போது என்று ஹெச்.ஆரிடம் இன்றே கேளுங்கள். பல நிறுவனங்களில் வருடத்தில் சில நாட்கள்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். சொந்தப் பெற்றோரா, மாமனார் மாமியாரா, ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. அதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

லீவு விஷயத்துக்கு வருவோம். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனி விடுப்பு, தனியார் ஊழியர்களுக்கு நம் சட்டத்தில் இல்லை. இது பெரிய குறை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இன்று விகிதம் அதைவிடக் கூடுதல். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், சம்பளமில்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு வாரம் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. ஜப்பானில் பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு உறவினருக்கும் 93 நாள் வரை, மூன்று தவணையாக எடுக்கலாம்; வேலைவாய்ப்புக் காப்பீடு சம்பளத்தில் 67 சதவீதம் வரை தருகிறது. நம்மிடம் இருப்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. ஓர் ஆண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை, அதற்கு மேல் சிக் லீவு 12, கேஷுவல் லீவு 12. மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பைப் பெற்றோரைக் கவனிக்கவும் எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையிலேயே அமைச்சர் பதில் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானியர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அந்த 93 நாள், நீங்களே படுக்கையருகில் இருந்து எல்லாம் செய்வதற்காக அல்ல, பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்து முடிப்பதற்காக என்று அங்கே அரசே வலியுறுத்துகிறது. நம்முடைய 12 நாளையும் அப்படியே செலவிட வேண்டும். ஆள் தேடுங்கள், பிஸியோதெரபிஸ்ட்டை முடிவு செய்யுங்கள், குளியலறைச் சுவரில் கைப்பிடி போடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைப் பட்டியலையும் குடும்பத்தார் எல்லார் போனிலும் ஏற்றுங்கள். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால், வருபவர் பயிற்சி பெற்ற நர்ஸா, அட்டெண்டரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஊசி, கதீட்டர் வேலையை அட்டெண்டரிடம் விடக்கூடாது.

மேனேஜரிடம் மறைக்காதீர்கள். அடிக்கடி திடீர் லீவு போடுபவர் என்ற பெயர் வந்த பிறகு சொன்னால் அது சாக்குப்போல் கேட்கும். “வீட்டில் கஷ்டம், கொஞ்சம் பார்த்துக்குங்க” என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. “செவ்வாயும் வெள்ளியும் காலை பிஸியோ இருக்கு. ஆறு வாரத்துக்கு அந்த ரெண்டு நாளும் பதினொன்றரைக்கு லாகின் பண்றேன், சாயந்திரம் ஈடு கட்டிடறேன்” என்று கேளுங்கள். பேசி முடித்ததும் அதையே மெயிலில் போடுங்கள். மேனேஜர் மாறினாலும் மெயில் இருக்கும்.

அடுத்தது கூடப்பிறந்தவர்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்பினால் தீர்ந்தது என்ற எண்ணம் எனக்கு ஏற்பில்லை. இன்சூரன்ஸ் க்ளெய்ம், மாத்திரை ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அங்கிருந்தே அவரால் செய்ய முடியும். தம்பி ஞாயிற்றுக்கிழமை முழுக்க வந்து இருக்கட்டும். அன்று நீங்கள் தூங்குங்கள். யார் எதற்குப் பொறுப்பு என்பதை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள்.

அலைச்சலைக் குறைக்கும் வழிகள் நம் பகுதியில் இருக்கின்றன. முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவை 1978-இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கினார். இப்போது கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளுடன் இயங்குகிறது. மூட்டுக்கு ஒரு நாள், மறதிக்கு ஒரு நாள் என்று லீவைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் காட்டலாம். சுகர், பிபி மாத்திரை மட்டும் போதுமென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், பிஸியோவும் உண்டு. முதியோர் உதவி எண் 14567.

நவம்பருக்குத் தனிக் கவனம் தேவை. பென்ஷன் வாங்கும் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று தரவேண்டிய மாதம் அது. எண்பது வயதானால் அக்டோபர் 1 முதலே தரலாம். அதற்காக லீவு போட வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார்; ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம். மழையும் அதே சமயத்தில்தான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நடக்க முடியாதவரைத் தண்ணீர் வந்த பிறகு மாடிக்குத் தூக்குவது ஆபத்து. மழை எச்சரிக்கை வந்த அன்றே மாடியிலோ உறவினர் வீட்டிலோ சேர்த்துவிடுங்கள். ஒரு மாத மாத்திரையைக் கையில் வைத்திருங்கள். எதிர்வீட்டில் ஒரு சாவியும் உங்கள் ஆபீஸ் எண்ணும் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் சமாளிக்க முடியாத நோய்கள் உண்டு. முற்றிய மறதி நோயில் இரவும் பகலும் ஆள் வேண்டும். அப்போதும் முதலில் சம்பளமில்லா நீண்ட விடுப்பைக் கேளுங்கள். அந்தக் காலத்துக்குக் குரூப் இன்சூரன்ஸ் தொடருமா, பிரீமியத்தை யார் கட்டுவது என்று விசாரியுங்கள். அனுமதிக் கடிதத்தில் நீங்கள் வேலைக்குத் திரும்பும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.