எந்த ஸ்பேனர் யார் கையில்?

ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன் என்று சொன்னதுமே ஊரில் வரும் முதல் கேள்வி: "அப்போ இன்ஜினைப் பிரிச்சு மாட்டிடுவீங்களா?" பிரிக்கத் தெரியும். பிரிக்கலாமா என்பது நான் எந்த ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன் என்பதைப் பொறுத்தது.

ராணுவத்தின் வண்டிகளையும் ஆயுதங்களையும் ரிப்பேர் செய்யும் ஈ.எம்.இ. 1943-ல் தனிப் பிரிவானது. வண்டியோ பீரங்கியோ, எந்த ரிப்பேரை எந்த மட்டத்தில் செய்யலாம் என்பதற்கு 'பர்மிஸிவ் ரிப்பேர் ஷெட்யூல்' என்ற பட்டியல் உண்டு. டிரைவர், யூனிட்டோடு இருக்கும் மெக்கானிக்குகள், ஃபீல்டு ஒர்க்‌ஷாப், கடைசியில் பேஸ் ஒர்க்‌ஷாப் என்று வேலை படிப்படியாக மேலே போகும்.

டீசல் லாரி ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்று வையுங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதும், லைனில் ஏறிய காற்றை எடுப்பதும் டிரைவர் வேலை. ஃபில்டர் மாற்றுவது, ஃபீட் பம்பைச் சோதிப்பது யூனிட் மெக்கானிக்குக்கு. இன்ஜெக்‌ஷன் பம்பையே கழற்றி வேறொன்றை மாட்டி டைமிங் வைப்பது ஃபீல்டு ஒர்க்‌ஷாப்பில் நடக்கும். அந்தப் பம்பின் வயிற்றைத் திறப்பது மட்டும் பேஸ் ஒர்க்‌ஷாப்பில்தான். உள்ளே பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ராஜஸ்தான் மணலில் தார்ப்பாய் விரித்து அதைத் திறந்தால், மூடும்போது மணலும் சேர்ந்தே உள்ளே போகும். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் ஒரே அளவு போகிறதா என்று பார்க்காமல் மாட்டவும் கூடாது. பம்பில் ஈய சீல் வைத்திருப்பதும் இதற்காகத்தான். கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குத்தான் அந்த சீலைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும்!

மேல் மட்டத்துக்கு அனுப்பும்போது ஒர்க் ஆர்டரில் 'பம்ப் கோளாறு' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். 'காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் நிறுத்தினால் ஆகவில்லை' என்று கண்டதை எழுதுங்கள். வாங்குகிறவர் பாதி வேலையை அதிலேயே முடித்துவிடுவார். கழற்றிய பம்பின் துவாரங்களை மூடி, போல்ட், பைப் எல்லாவற்றோடும் முழுசாக அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் நல்ல பாகத்தை உருவி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதைக்கு ஒரு வண்டி ஓடும், மேலே போனது ஒரு சின்ன பாகத்துக்காக மாதக்கணக்கில் கிடக்கும்.

அடிமட்ட வேலையை எல்லோரும் இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள். ஆவடியில் செய்யப்பட்ட டி-72 டாங்கியில் 780 குதிரைத்திறன் இன்ஜின். அதன் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்வது டாங்கிக்குள் இருக்கும் மூன்று பேரின் பொறுப்பு, அழுக்கான வேலை. தவறவிட்டால் தூசி உள்ளே போய் லைனரும் ரிங்கும் தேயும், ஓவர்ஹாலுக்கு நாள் வருவதற்கு முன்பே இன்ஜின் இறங்கும். அதற்குப் பிறகு அது பேஸ் ஒர்க்‌ஷாப் வேலை.

ஃபீல்டு ஒர்க்‌ஷாப்பில் கஷ்டமான வேலை ஸ்பேனர் பிடிப்பதல்ல, 'இது நம்மால் ஆகாது' என்று சீக்கிரமே சொல்வது. இடம் மாறச் சொல்லி உத்தரவு வரும்போது பாதி பிரித்த இன்ஜின் கிடந்தால் அதை யார் தூக்குவது? கையில் உள்ள நேரத்துக்குள் முடியாது என்று தெரிந்தால் தொடாமலே பின்னால் அனுப்புவது நல்லது.

இப்போது பஸ், லாரி வைத்திருக்கும் நண்பர்கள் யோசனை கேட்கிறார்கள். ஒரு தாளில் கட்டம் போடச் சொல்கிறேன்: வேலை, செய்கிறவர், வேண்டிய கருவி, ஆகும் நேரம், தேவையான ஸ்பேர். நம் ஷெட்டை மனதில் வைத்து நிரப்ப வேண்டும். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த வேலை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகட்டும்.