சீத்தாப்பழம் கறுப்பது ஏன்? தவிர்ப்பது எப்படி?

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள சந்தவாசல் போன்ற பகுதிகளுக்கு ஏற்ற மானாவாரிப் பழம் சீத்தா. நன்கு விளைந்த பழமும் கறுத்துவிட்டால் விலை போகாது. கறுப்பெல்லாம் அழுகல் அல்ல. பெரும்பாலும் அது பழத்திலேயே உள்ள ஒரு நொதியின் வேலை.

நொதி செயல்படும் விதம்

பழத்தின் திசுக்களில் பீனால் என்னும் துவர்ப்புப் பொருள்களும், 'பாலிபீனால் ஆக்சிடேஸ்' என்ற நொதியும் தனித்தனியே உள்ளன. பழம் அடிபட்டால் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்ததும் பழுப்பு நிறம் தோன்றுகிறது. நீலகிரியில் தேயிலையைக் கசக்கிக் கருந்தேயிலை ஆக்குவதும் இதே நொதியால்தான். தேயிலைக்கு அது லாபம், சீத்தாவுக்கு நஷ்டம்.

அறுவடையில் கவனம்

கண்களுக்கு இடையிலுள்ள பள்ளம் விரிந்து வெளிர் மஞ்சளாகும்போது காயைப் பறிக்க வேண்டும். மரத்தை உலுக்கக் கூடாது. சிறிது காம்புடன் கத்தரித்து, வைக்கோல் பரப்பிய கூடையில் ஓரிரு அடுக்காக நிழலில் வைக்கவும். சில நாட்களில் கனிந்துவிடும் என்பதால், கெட்டியாக இருக்கும்போதே சந்தைக்கு அனுப்புவது நல்லது. கறுப்பு நாளுக்கு நாள் பரவினால் அது பூசண நோயாக இருக்கலாம். அத்தகைய பழங்களை உடனே பிரித்துவிட வேண்டும்.

குளிர்பெட்டியில் வைத்தால் கறுக்காது என்று எண்ணுவது தவறு. சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காயின் திசுக்கள் பாதிக்கப்பட்டுத் தோல் கறுக்கும். காயும் சரிவரக் கனியாது.

சதை எடுப்போருக்கு

வெடித்த பழங்களைச் சதையாக்கலாம். வாழைக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுவது காற்றுப் படாமலிருக்கவே. சீத்தாச் சதைக்கும் இதே விதிதான். பாத்திரத்தை நிரப்பி, இறுக மூட வேண்டும். சிறிது எலுமிச்சைச் சாறு கலந்தால் அதன் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கும். அதிலுள்ள வைட்டமின் சி நிறமாற்றத்தைத் தாமதப்படுத்தும். அது தீர்ந்ததும் பழுப்பு மீண்டும் தோன்றும். இரும்புப் பாத்திரம் கறுப்பைக் கூட்டும்; எவர்சில்வரே ஏற்றது.

கொதிக்க வைத்தால் நொதி அழியும். ஆனால் சீத்தாச் சதை சூட்டில் கசந்துவிடும். எனவே உறையவைப்பதே வழி. மைனஸ் 18 டிகிரியில் நொதி ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும், அழிவதில்லை. உருகியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே தேவையான அளவை மட்டும் எடுத்து உடனே பயன்படுத்த வேண்டும்.

செலவில்லாத பாதுகாப்பு, பறிக்கும் கையிலேயே உள்ளது. அடிபடாத பழத்தில் நொதிக்கு வேலையில்லை.