ஊசிக்கு இறங்குவது சூடு மட்டும்தான்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் தலைகாட்டும்போதெல்லாம் ஒரு பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது: "ஒரு ஊசி போட்டுக்கினு நைட் ஷிஃப்டுக்குப் போயிடு. காய்ச்சல் விட்டுச்சுன்னா யாருக்கும் ஒட்டாது." வீட்டில் மனைவி சொல்கிறார், கன்டெய்னர் யார்டில் மேஸ்திரி சொல்கிறார், ஸ்டெதஸ்கோப் மாட்டியவர்களிலும் சிலர் இதையே சொல்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஊசி ஃப்ளூவைக் குணப்படுத்தும் என்பது முதல் பொய். சூடு இறங்கிவிட்டால் நோய் பரவாது என்பது இரண்டாவது. முதல் பொய் போட்டுக்கொண்டவரின் பாக்கெட்டையும் உடம்பையும் கெடுக்கிறது. இரண்டாவது பொய் அவர் வீட்டுக் கிழவியையும் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியையும் தேடிப் போகிறது.

முதலில் அந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் பாராசிட்டமால் அல்லது டைக்ளோஃபினாக்; சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். ஃப்ளூ வைரஸைத் தாக்குகிற எதுவும் அதில் இல்லை. அந்த வேலையைச் செய்கிற ஓசல்டாமிவிர் மாத்திரையாகவும், குழந்தைகளுக்குப் பாகாகவும் வருவது. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அதுவும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. பாராசிட்டமால் ஊசி செய்வதை ஒரு சாதாரண மாத்திரையும் செய்துவிடும். டைக்ளோஃபினாக் விஷயம் இன்னும் மோசம். ஃப்ளூ வருகிற அதே மாதங்களில், அதே தெருக்களில் டெங்குவும் வருகிறது. வந்திருப்பது டெங்கு என்றால் இந்த மருந்து ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஸ்டீராய்டோ உடம்பின் எதிர்ப்பையே அடக்கி வைத்து, 'நல்லாயிட்டேன்' என்ற பொய்த் தெம்பைக் கொடுக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஃப்ளூ நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகவே தெரிந்தது. வேறு தகுந்த காரணம் இல்லாமல் ஃப்ளூவுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. காய்ச்சல் என்பது உடம்பு எழுப்பும் எச்சரிக்கை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி ஓடிய எண்ணூர் மக்களிடம் போய், ஆலைச் சங்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டோம், ஆகவே கசிவு நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் சும்மா விடுவார்களா? ஊசி செய்வது அந்த ஒயரைப் பிடுங்குகிற வேலைதான்.

"ஆனால் சரியாகிறதே, கண்ணால் பார்க்கிறோமே" என்பார்கள். சரியாகத்தான் செய்யும். ஊசி இல்லாமலும் சரியாகும். சிக்கல் இல்லாத ஃப்ளூவில் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானே விடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை, மூன்றாம் நாள் ஊசி என்று போகிறவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டால், பெயர் ஊசிக்குப் போகிறது, டாக்டருக்குக் கைராசி என்று பட்டம் கிடைக்கிறது. மூன்றாம் நாள் பச்சைத் தண்ணீரை ஊசியில் ஏற்றியிருந்தாலும் இதே பட்டம் கிடைத்திருக்கும். ஆன்டிபயாட்டிக் கதையும் இதுவே. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது, காய்ச்சல் இருமலுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கமே தன் உறுப்பினர்களுக்குப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டி வந்தது. எழுதுகிறவர்களும் நிறுத்தவில்லை, கேட்டு வாங்குகிறவர்களும் நிறுத்தவில்லை.

இனி அந்த இரண்டாவது பொய். ஃப்ளூ தொற்றியவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸை வெளியே விடத் தொடங்குகிறார். அறிகுறி வந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் அது உச்சத்தில் இருக்கும். ஐந்து, ஏழு நாள் வரை நீடிக்கும். குழந்தைகளிடம் இன்னும் அதிக நாள். மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிற வைரஸுக்கு, அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்பது தெரியாது. மருந்தால் சூட்டை இறக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர், மிக அதிகமாகப் பரப்பும் நாளில் மிகத் தெம்பாக நடமாடுகிறார். காய்ச்சல் அடித்தபடி இருந்திருந்தால் ஒரு மூலையில் சுருண்டு படுத்திருப்பார். ஊசி போட்டதால் ஷேர் ஆட்டோவில் ஐந்தாறு பேரோடு இடித்துக்கொண்டு போகிறார், கேன்டீனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார், ஏ.சி. போட்ட கன்ட்ரோல் ரூமில் எட்டு மணி நேரம் இருமுகிறார். காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்: ஒரே வீல்ஹவுஸில் அத்தனை பேரும் நாள்கணக்கில் படுத்து எழ வேண்டும், நடுக்கடலில் யாருக்காவது மூச்சுத் திணறினால் கரை பக்கத்தில் இல்லை. வீட்டு நிலைமையும் இதற்குக் குறைந்ததல்ல. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் நோயாளிக்குத் தனியறை கொடுங்கள் என்று அறிவுரை சொல்வது கேலிக்கூத்து. ஜன்னலைத் திறந்து வைப்பது, நோயாளி மாஸ்க் போடுவது, கைக்குழந்தையையும் சர்க்கரை நோயுள்ள பெரியவரையும் அவர் பக்கத்தில் படுக்கவிடாமல் இருப்பது ஆகியவைதான் அங்கே ஆகக்கூடியவை. அதையும் 'காய்ச்சல்தான் விட்டுடுச்சே' என்ற நினைப்பு கெடுத்துவிடுகிறது.

துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் இதை ஊரார் எல்லோருக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் பணியிலிருந்த போலீஸ்காரர்கள் ஏழு பேர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்தடுத்த நாள்களில் விழுந்தவர்கள் யார் என்று பார்த்தால் கப்பல் கம்பெனி ஆட்கள், துறைமுக ஊழியர்கள், தந்தி அலுவலகத்தார், பஞ்சாலைத் தொழிலாளர்கள் என்று அது வேலைத்தலங்களின் பட்டியலாகவே இருக்கிறது. அந்தக் கொள்ளைநோயில் இந்தியாவில் மாண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். 1957-ல் நம் முறை வந்தது. ஆசியக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட ஃப்ளூ, அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த பயணிகள் கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்கியது. பன்னிரண்டே வாரத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல், இறந்தவர்கள் சுமார் 1,100 பேர் என்று குன்னூர் பாஸ்டர் நிறுவன இன்ஃப்ளுயன்ஸா மையத்தின் ஐ.ஜி.கே. மேனன் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பதிவாகாதவர்கள் இதைப்போல் எத்தனை மடங்கு என்பதை யூகிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

"அறிகுறிக்கு முன்பே பரவுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு வீட்டில் படுத்து என்ன லாபம்?" கெட்டிக்காரத்தனமான கேள்விதான், ஆனால் கணக்குத் தவறு. ஒரு நாள் பரப்புவதும் ஐந்து நாள் பரப்புவதும் ஒன்றாகிவிடாது. உச்ச நாள்களில் விலகி நின்றாலே பெரும்பகுதி குறைந்துவிடும். 2009-ன் எச்1என்1 கொள்ளைநோயின்போது அமெரிக்காவில் தொற்றிய ஊழியர்களில் சுமார் 80 லட்சம் பேர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனார்கள் என்றும், அவர்களால் சக ஊழியர்கள் 70 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்றும் அங்குள்ள பெண்கள் கொள்கை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ஏறக்குறைய ஆளுக்கு ஒருவர். விடுப்பு எடுக்காத விசுவாசத்தைப் பாராட்டும் முதலாளிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எப்போது திரும்பலாம் என்றால், சூடு இறக்கும் மருந்து எதுவும் எடுக்காமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பிறகு. பிறகும் இருமல் உள்ளவரை மாஸ்க் வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. வெயிலில் உழைக்கிற உடம்பை ஃப்ளூ அண்டாது என்பவர்கள், 1957-ல் அது வந்து இறங்கிய மாதம் மே என்பதை நினைவில் வைக்கட்டும். ஃப்ளூவைப் போலவே இருமலில் பரவுகிற கொரோனாவும் 2020 மே பிற்பகுதியில், கத்திரி வெயில் கொளுத்தும்போதுதான், மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ராயபுரத்தை முதலிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 'புகை தின்னு வளர்ந்த நெஞ்சு, தாங்கும்' என்று மணலியிலும் எண்ணூரிலும் பெருமை பேசுவது அதைவிட மடத்தனம். சாம்பலும் கரித்தூளும் மூச்சுக்குழாயின் காவலைப் பலவீனப்படுத்துமே தவிர, பழக்கிவிடாது. பன்றிக் காய்ச்சல் இறைச்சி தின்று வந்ததல்ல, மனிதர் இருமி வந்தது. ஃப்ளூ தடுப்பூசி போட்டால் ஃப்ளூ வரும் என்பதும் பொய்: வழக்கமான ஊசியில் இருப்பது செத்த வைரஸ், ஒரு நாள் கைவலியும் லேசான உடம்பு வலியும் வரலாம், நோய் வராது. நிலவேம்போ கபசுரமோ குடிக்க ஆசைப்படுகிறவர்கள் குடிக்கட்டும். குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பாமல் இருந்தால் போதும். ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல், இவற்றில் எது வந்தாலும் தெருமுனை ஊசியை நம்பி ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் முதல் நாளே டாக்டரைப் பார்த்து, ஓசல்டாமிவிர் தேவையா என்று கேட்க வேண்டும்.

இனி உண்மையான ஆட்சேபத்துக்கு வருவோம். "மூணு நாள் படுத்தா மூணு நாள் கூலி போச்சு, நீயா கொடுப்பே?" இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. மூடநம்பிக்கை மட்டும் ஊசியைத் தேட வைப்பதில்லை, சம்பளப் பிடித்தமும் தேட வைக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஊழியர் தன் சம்பளத்தில் 0.75 சதவீதம் கட்டுகிறார், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது கட்டியிருந்தால், நோய்க் காலத்தில் 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் அதில் காத்திருப்பு நாள் என்று ஒன்று இருக்கிறது: நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் ஒழிய. ஃப்ளூ எந்த நாளில் மிக அதிகமாகப் பரவுகிறதோ, சரியாக அந்த நாளில்தான் வேலைக்குப் போ என்று விதியே பிடித்துத் தள்ளுகிறது. நான்கு நாள் காய்ச்சலில் இரண்டு நாளை விழுங்கிவிடுகிற திட்டத்துக்காக, மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்க யாருக்கும் தோன்றாது. ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளத்தான் தோன்றும். மோசடி விடுப்பைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். தடுத்துவிட்டுப் போகட்டும், அதற்காக ஒரு ஷிஃப்டே படுக்கையில் விழுகிற செலவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஈ.எஸ்.ஐ. கூட இல்லாதவர்கள் நிலை சொல்லவே வேண்டாம். மீன் கூடை சுமக்கிற பெண்களும் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களும் நல வாரிய அட்டை வைத்திருக்கலாம். பிள்ளை படிப்பு, கல்யாணம், பிரசவம், ஈமச்சடங்கு, முதுமை எல்லாவற்றுக்கும் அதில் ஏதோ ஒரு தொகை உண்டு. மூன்று நாள் காய்ச்சலுக்குக் கூலி மட்டும் கிடையாது. பணம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. மீன் இனம் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி, மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிற அரசு இது. மீனுக்கு ஓய்வு தேவை என்று புரிகிறது. அதைப் பிடிக்கிறவனுக்கு மூன்று நாள் ஓய்வு தேவை என்பது இன்னும் எந்த அரசாணையிலும் ஏறவில்லை. திருவொற்றியூரிலும் மணலியிலும் இருக்கிற தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் கொடி பிடிக்கிற நேரத்தில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளட்டும்: காய்ச்சலுக்கு அந்த இரண்டு காத்திருப்பு நாளை எடுத்துவிடுங்கள், கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து.