புள்ளி தப்பாமல் ஸ்கேன் செய்ய

அன்புள்ள தம்பி,

மார்சிலிங் வீட்டில் தாத்தா சேர்த்துவைத்த தமிழ் முரசு நறுக்குகளையும் ஊரிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களையும் ஸ்கேன் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய அந்த நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நறுக்கு கிழிந்தாலும் அங்கே தேடலாம். கடிதங்களுக்கு அப்படி மறுபிரதி ஏது? அதனால் வேலையைத் தொடங்குமுன் மென்பொருளின் சுருக்க அமைப்பைத் திறந்து பார்.

2013இல் ஜெர்மனியில் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார்கள். தாளில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். வந்த கோப்பில் மூன்றுமே 14.13! கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் இதை வெளியே கொண்டுவந்தார். ஜேபிஐஜி2 என்ற சுருக்க முறைதான் காரணம். ஒன்றுபோலத் தெரியும் வடிவங்களில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடுகிறது. வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்தது. ஜெராக்ஸ் பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

மங்கலான படம் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும். ஜெராக்ஸ் தந்த கோப்போ பளிச்சென்று தெரிந்துகொண்டே தப்பாக இருந்தது.

தமிழில் ‘க’வுக்கும் ‘க்’குக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, தூசி நீக்கும் வசதியையும் போட்டுவிட்டால், மெய்யெழுத்தின் புள்ளியையும் தூசியென்று அது துடைத்துவிடக்கூடும். பழுப்பேறிய தாளில், வெளிறிய மையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த வசதியை அணைத்துவிடு.

300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் ஏறத்தாழ 87 லட்சம் படப்புள்ளிகள். சுருக்காத வண்ணக் கோப்பு 26 எம்பி வரும், கறுப்பு வெள்ளை 1 எம்பி சொச்சம். கோப்பு பெரிதாகிறதே என்று தயங்காதே. கடிதங்களை வண்ணத்தில், இழப்பில்லாச் சுருக்கம் போட்ட டிஃப் கோப்பாக வை. எழுத்து பொடியாக இருந்தால் 400 டிபிஐ. ஜேபெக் படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குபோல் படியும். திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கெடும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் டிஃபிலிருந்து ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்.

முதல் பக்கம் முடிந்ததும் திரையில் 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, தாளைப் பக்கத்தில் வைத்துப் புள்ளி, சுழி, தேதி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போ. எல்லாம் முடிந்த பிறகும் கடிதங்களைத் தூக்கிப் போடச் சம்மதிக்காதே.

அன்புடன்,
அண்ணன்