ஊசிக்குக் கை நீட்டும் முன்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலையில் கை சுட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஓடுவது பக்கத்துக் கிளினிக்குக்குத்தான். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். 1997-ம் ஆண்டுச் சட்டப்படி, தமிழகத்தில் தனியார் கிளினிக்குகளும் அரசிடம் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். புது சிரிஞ்சின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், உடம்பு உங்களுடையது. குத்திய ஊசிமுனை துளைபடாத வெள்ளை டப்பாவிலும், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையிலும் விழ வேண்டும். இரண்டும் ஒரே வாளியில் கிடந்தால் அந்த இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தேசியத் தரச் சான்று தர வரும் ஆய்வுக் குழு நோயாளிகளிடமும் பேசும். மாத்திரை கிடைத்ததா, கழிவறை சுத்தமா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

போலி டாக்டர் என்று சந்தேகமா? மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள், அல்லது 104-ஐ அழையுங்கள்.